பிரம்புக் கதிரை

அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதியதை இன்று காலை மஹய்யாவவிலுள்ள எங்கள் வீட்டில் தம்பிக்கு வாசித்துக்காட்டினேன். பாதியில், யாரும் உட்காராத பிரம்புக் கதிரை கிறீச்சிட்டது.

அப்பா வக்கீல். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு, நீதிமன்றத்தில் கொடுக்கும் சத்தியக்கடதாசியை இலவசமாக எழுதிக்கொடுப்பார். வராந்தாவில் அவர்களுடைய ஈரக் குடைகள் சொட்டிக்கொண்டிருக்கும். செத்தவரைப் பற்றிய கடதாசி என்றால் அந்தக் கதிரையைத் தன் பக்கம் திருப்பிவைத்து, அதைப் பார்த்தே வாசிப்பார். "எழுதினது சரிதானே?" என்று அதனிடமே கேட்டுவிட்டுக் காத்திருப்பார். நானும் தம்பியும் கதவோரம் நின்று பார்ப்போம்.

ஒருமுறை தெல்தோட்டைக்காரர் ஒருவர் செத்துப்போன தன் தாயைப் பற்றிச் சொன்னதை அப்பா எழுதி வாசிக்கும்போது கதிரை கிறீச்சிட்டது. அப்பா தாளைக் கிழித்துப்போட்டார்.

"உண்மையச் சொல்லுங்க."

வந்தவர் கிழிந்த தாளைப் பார்த்தார். "அவங்க என்னைப் பெத்தவங்க இல்லீங்கய்யா. வளத்தவங்க."

அதன்பிறகு நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்ததேயில்லை.

"பழைய கதிரைதானே. வாசிங்கக்கா," என்றான் தம்பி. என்னைப் போலவே அவனும் அப்பா இறந்த பிறகுதான் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான்.

நிறுத்திய வரியை மறுபடி வாசித்தேன். "கடைசி நாட்களில் நாங்கள் இருவரும் அவர் பக்கத்திலேயே இருந்தோம்."

கதிரை மறுபடி கிறீச்சிட்டது.

தாளைக் கிழித்தேன். தம்பி புதுத் தாளொன்றை எடுத்து நீட்டினான்.