அரை வட்ட வெளிச்சம்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் குவார்ட்டர்ஸில் பாதாள சாக்கடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் டவுனிலேயே திறந்த சாக்கடைதான்; எங்களுக்கு மட்டும் மண்ணுக்கடியில் பைப் ஓடியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. எட்டு வருடமாக கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். எந்த வீட்டில் அடைத்தாலும் போன் என்னைத் தேடித்தான் வரும். ஆட்களோடு போய், மூடியைத் திறந்து, மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தி அடைப்பை எடுத்துவிட்டால் அந்த வீட்டம்மா காபி கொடுப்பார். "நீங்க இல்லன்னா நாங்க நாறிப் போயிருப்போம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடைக்கட்டும் என்று இருக்கும்.

அப்புறம் அரும்பாவூரிலிருந்து அவன் வந்தான். அவனும் சூப்பர்வைசர், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். குவார்ட்டர்ஸை இரண்டாகப் பிரித்து வடக்குப் பாதியை அவனிடம் கொடுத்தார்கள். அவன் போனுக்குக் காத்திருக்கவில்லை. காலையில் வந்ததும் வரிசையாக மூடிகளைத் திறந்து, விஷவாயு போகும்வரை பொறுத்து, மேலே நின்றபடியே உள்ளே பார்ப்பான். ஏதாவது ஒரு குழியில் தண்ணீர் மெதுவாக நகர்ந்தால் அப்போதே பிளாச்சை விட்டுவிடுவான். ஒருநாளும் ஒரு ஆளைக் குழிக்குள் இறக்கியதில்லை. நான் இறக்கியிருக்கிறேன். வடக்கே அடைப்பு என்ற பேச்சே இல்லாமல் போனது.

எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் அவன் சட்டை கசங்காமல் சைக்கிளில் போவதைப் பார்த்தால் ராத்திரி சோறு இறங்காது. என் பாதியில் இருந்த வீட்டம்மா ஒருத்தர், காபி டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே, "அவர எங்க பக்கம் போடச் சொல்லுங்களேன்" என்றார். அந்தக் காபியைக் குடித்தும் தொலைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு சிறுவாச்சூர் போய், காளி முன்னால் நின்று, வடக்கு லைனில் ஒரே ஒரு அடைப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியிடம் போய் இதையா கேட்பது என்று வெட்கமாகத்தான் இருந்தது. அம்மன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் எங்கள் இருவரில் ஒருவரைத்தான் பர்மனென்ட் செய்வோம், மற்றவர் கான்ட்ராக்ட் முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அப்போதுதான் புதிதாகக் கட்டிய ஒரு வரிசை வீடுகளுக்கு அவன் லைன் போட்டு மண்ணால் மூடியிருந்தான். அதைச் சோதிக்க வேண்டியிருந்தது. மேல் குழியில் ஒருவர் கண்ணாடியால் வெயிலைப் பிடித்துப் பைப்புக்குள் அடிப்பார். கீழ்க் குழியில் ஒருவர் குனிந்து பார்ப்பார். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் பைப் நேராக இருக்கிறது. வட்டம் குறைந்தால் நடுவில் எங்கோ இறங்கியிருக்கிறது.

கீழே இன்ஜினியர் நின்றார். மேலே கண்ணாடி பிடிக்க என்னை நிறுத்தினார்கள். தண்ணீர் படாத புதுக் குழி, இடுப்பளவுதான் ஆழம். முதலில் ஒழுங்காகத்தான் பிடித்தேன். வெளிச்சம் எதிலும் முட்டாமல் அந்தக் கோடி வரை போனது. அவ்வளவு நேராகப் போட்டிருந்தான் பாவி. கை தவறிவிட்டது என்று சொல்ல ஆசைதான். தவறவில்லை. பைப் வாயின் மேல் பாதிக்கு மட்டும் வெளிச்சம் விழும்படி நான்தான் கண்ணாடியைத் தூக்கினேன்.

"பாதி வட்டம்தான் தெரியுது. எங்கயோ இறங்கிருக்கு, தோண்டிப் பாருங்க" என்றார் இன்ஜினியர்.

"சரிங்க சார்" என்றான் அவன்.

இரண்டு நாள் வெயிலில் தோண்டினார்கள். நானும் வேடிக்கை பார்ப்பதுபோல் போய் நின்றேன். பைப் மேல் நூல் பிடித்துப் பார்த்தான், ரசமட்டம் வைத்துப் பார்த்தான். ஒரு ஜாயிண்ட்டிலும் குற்றமில்லை. நூலைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் எட்டு வருடம் இதோடு சரி என்று நினைத்தேன்.

மறுபடி சோதித்த அன்று, கண்ணாடி பிடிக்க இன்ஜினியர் வேறு ஆளைக் கூப்பிட்டார். "அண்ணனே பிடிக்கட்டும் சார்" என்றான் அவன். கண்ணாடியை என் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி கை வலிச்சிருக்கும்ணே. இன்னிக்கி உக்காந்துகிட்டே பிடிங்க" என்றான். கிண்டலே இல்லை. கிண்டல் செய்திருந்தால் தேவலை.

உட்கார்ந்து பிடித்தேன். முழு வட்டம் தெரிந்தது. இன்ஜினியர் எங்கள் பக்கம் நடந்து வந்து, என்ன கோளாறு என்று கேட்டார்.

"நடுவுல ஒரு ஜாயிண்ட் இறங்கியிருந்துச்சு சார். தூக்கி வச்சுட்டேன்."

செய்யாத தப்பை ஒத்துக்கொண்டான். ஏன் என்று அவனை நான் கேட்கவே இல்லை. இன்ஜினியர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். நான் வாய் திறந்திருக்கலாம். அந்த நேரத்திலும் எனக்குள் எரிந்தது, இப்படி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவே வராது என்பதுதான்.

அடுத்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் எனக்கு வந்தது. வீட்டில் என் மனைவி அதை வாங்கிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, "அந்த அரும்பாவூர்த் தம்பிக்கு ஏங்க கெடைக்கல? நல்லாத்தான வேல பாக்கும்னு சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

"புது லைன கோணலாப் போட்டுட்டான்" என்றேன்.