பள்ளிக்கூடத்தில்தான் தங்கினார்கள்

அன்னதானக் குழுத் தலைவரே, நீங்கள் சொன்னது பொய். ஆடிக் கிருத்திகை அன்று பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருத் தொடக்கப்பள்ளி ஒரு காலத்தில் காவடிக்காரர்கள் தங்கும் சத்திரமாக இருந்தது, பிள்ளைகளைப் பிறகுதான் உள்ளே விட்டார்கள் என்றீர்கள். அதனால் கட்டிடத்தைப் பக்தர்களுக்கே திருப்பித் தர வேண்டும், பிள்ளைகள் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்குப் போகட்டும் என்றீர்கள். நான் பந்தல் ஓரத்தில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் அந்தப் பள்ளியில் சத்துணவு சமைத்தவள். நீங்கள் அரைக்கால் சட்டையோடு தட்டு நீட்டிய காலத்திலிருந்து, முட்டி தேய்ந்து நான் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். யார் எதற்காக அந்தக் கதவுக்குள் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் நடந்ததைப் பெரிய டீச்சர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவருக்குத் தாழ்ந்த குரலே கிடையாது. அவர் வாய்ப்பாடு சொன்னால் முருகர் கோயில் மலைப்படியில் பூ விற்கிறவர்கள் கணக்கில் தப்பு விடமாட்டார்கள் என்று கேலி செய்வோம். அவர் சொன்ன வரலாறு இதுதான். மலையடிவாரத்தில் கடை வைத்திருந்தவர்களும் நெசவாளர்களும் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்காக ஓலைக் கொட்டகை போட்டார்கள். ஊர் ஆந்திராவோடு இருந்த வருஷங்களில் ஒரு பக்கம் தெலுங்கு வகுப்பு, ஒரு பக்கம் தமிழ் வகுப்பு, நடுவில் சுவர் கிடையாது. பிறகு ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய்த் தளம் வந்தது. எல்லைக்கோடுகூட இடம் மாறியது. பள்ளிக்கூடம் மட்டும் எப்போதும் பள்ளிக்கூடமாகவே இருந்தது.

காவடிக்காரர்கள் வந்த கதை வேறு. ஓட்டுக் கட்டிடக் காலத்தில் ஓர் ஆடி மாதம் பெரிய மழை. ஆந்திராவில் இருக்கிற நகரிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள் குழந்தைகளோடு தெருவில் நனைந்துகொண்டு நின்றார்கள். அப்போதைய தலைமை ஆசிரியர் பெஞ்சுகளை ஓரம் தள்ளிக் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த வருஷமும் வந்தார்கள், அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். அப்படித்தான் வழக்கம் ஆனது. இடம் கொடுத்தது பள்ளிக்கூடம். விருந்தாளி வந்து போன வீட்டை விருந்தாளியின் வீடு என்று யாராவது சொல்வார்களா?

இதற்குப் பெரிய டீச்சர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். விழா விடுமுறைக்கு முந்தின மாலை ஒவ்வொரு அறையிலும் கரும்பலகையில் அடுத்த பாடத்தை எழுதிவிடுவார். காவடிக் கூட்டத்தின் தலைவரைக் கூட்டிப் போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்துவார். பள்ளி திறக்கும்போது எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும், அழிந்தால் அடுத்த வருஷம் இடம் கிடையாது. அவ்வளவுதான் பேச்சு. அந்த மக்கள் அதைக் காப்பாற்றிய விதத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சுவரில் காவடியைச் சாய்க்கமாட்டார்கள். பிள்ளைகள் விபூதிக் கையோடு கிட்டே போனால் அதட்டுவார்கள். சில பேர் பலகைக்கு முன்னால் வேட்டியைத் திரைபோலக் கட்டிவிடுவார்கள். மலைக்குப் புறப்படும்போது அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அழிந்தால் திரும்ப எழுதினால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று ஒருநாள் டீச்சரிடம் கேட்டேன்.

“அவங்க சாமி கும்புட வந்துகினு கீறாங்க. நம்ம பசங்க படிக்க வந்துகினு கீறாங்க. இது யாரு எடம்னு ரெண்டு பேருக்கும் தெரியணுமா இல்லியா?” என்றார்.

ஒரு வருஷம் அது அழிந்தே போனது. நகரிக் கூட்டத்தில் ஒரு பெண், தங்கிய இடத்தைச் சுத்தமாக விட்டுப் போக வேண்டும் என்ற பக்தியில், வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து அறையைக் கழுவினாள். தரை, சன்னல், சுவர் எல்லாம் கழுவி, பலகையையும் கழுவிவிட்டாள். கூட்டத்துக்கே முகம் செத்துவிட்டது. இரண்டு நாளாகத் தெருப் பிள்ளைகள் அங்கே விளையாட வந்து அந்தப் பாடத்தைப் பாட்டாகப் பாடியதில், அவர்களுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனால் தமிழ் பேசத் தெரிந்த அவர்களில் ஒருவருக்கும் தமிழ் எழுதத் தெரியாது. அவசரமாக என்ன செய்தார்கள் தெரியுமா? மழை பெய்தது, குளம் நிறைந்தது, மாடு தண்ணீர் குடித்தது என்ற தமிழ்ப் பாடத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் அடுப்படிவரை ஓடி வந்தார்கள். மலையிலிருந்து முருகரே இறங்கி வந்து எழுதிவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு பெண் குழந்தை சத்தியம் செய்தது. பெரிய டீச்சருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். படித்தார். கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. தப்பு நடந்துபோச்சு, அடுத்த வருஷமும் இடம் கொடுங்க அம்மா என்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு வாரம் அதை அழிக்கவிடவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் பெற்றவர்களைக் கூட்டி வந்து காட்டினார்கள்.

தலைவரே, நீங்களும் உங்கள் நைனாவைக் கூட்டி வந்தீர்கள். அவர் பலகைக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். நீங்கள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எங்க நைனாவுக்குப் படிக்கத் தெரியும் பாருங்கடா என்பதுபோல மற்ற பையன்களைப் பார்த்தீர்கள். தெரியாமல் பேசுகிறவரை மன்னித்துவிடலாம். உங்களுக்கு எல்லாம் தெரியும்.

அன்று இளவயதுக்காரராகக் காவடிக் கூட்டத்தை நடத்திவந்த நகரிக்காரர் இப்போது கிழவர். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு இந்த வருஷமும் வந்திருந்தார். நீங்கள் பேசி முடித்ததும் அவர்தான் இலைக்கு முன்னாலிருந்து எச்சில் கையோடு எழுந்தார்.

“சத்திரத்துல எதுக்குங்க பாடம் எழுதுன போர்டு? நாங்க ஸ்கூல்லதான் தங்கினோம். பசங்க எடம் குடுத்தாங்க, படுத்தோம், போனோம்” என்றார்.

பாயசம் வருகிறது, உட்கார்ந்து சாப்பிடுங்கள் பெரியவரே என்று நீங்கள் மைக்கில் சொன்னீர்கள். நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் பந்தியில் மற்ற ஊர்க்காரர்களும் ஆமாம் என்று பேச ஆரம்பித்ததை நீங்கள் கவனிக்கவில்லை. புத்தூர்க் காவடிக் கூட்டத்தார் தாங்களே வந்து கல்வி அதிகாரியிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை பள்ளி வாசலில் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். இதுவரை வேனில் வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் சிலர்கூட, இங்கே இப்போது சேர்க்கலாமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியை சிறு வயசுக்காரி. பயந்துவிடுவாளோ என்று நினைத்தேன். அடுத்த ஆடிக்கும் காவடிக்காரர்களுக்கு இடம் உண்டு, பள்ளியை மட்டும் மூடவிடமாட்டோம் என்று அவள் தாய்மார்களிடம் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அன்று சோறு இறங்கியது.

போன வாரம் பஸ் பிடித்து அம்மையார்குப்பம் போனேன். பெரிய டீச்சருக்குக் கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. நடந்ததைச் சொல்லி உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் திட்டவில்லை.

“என் கிளாஸ்ல குந்துனவன்தானே. நின்னு கேட்டா நின்னு பதில் சொல்லுவான். தனியாப் போய்க் கேக்காதே, எல்லாரும் படிக்கிறாமாதிரி எழுதிக் கேளு” என்றார்.

அதனால் எழுதுகிறேன். அவர் உங்களை நம்புகிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். கல்வி அதிகாரியும் வருகிறார். பஸ்ஸும் லாரியும் நிற்காமல் போகிற அந்தச் சாலையில், ஒன்றாம் வகுப்புக் குழந்தையைத் தினமும் காலையிலும் மாலையிலும் யார் கைபிடித்துக் கூட்டிப் போவது? கூலிக்குப் போகிற தாயா, தறியில் உட்கார்ந்திருக்கிற தகப்பனா, நீங்களா? கூட்டத்துக்கு வாருங்கள். அத்தனை தாய்மார்களுக்கும் முன்னால் எழுந்து நின்று அந்த ஆள் யாரென்று சொல்லுங்கள்.