முதல் சுற்றில் தோற்றவர்கள்

ஸ்னூக்கர் மேசையைப் பிரஷ் போட்டுத் துடைக்க, பச்சைத் துணிக்கு இஸ்திரி போட, ஆடுபவர்களுக்குப் புள்ளி சொல்ல, குழியில் விழுந்த வண்ணப் பந்தை எடுத்து அதன் இடத்தில் திரும்ப வைக்க, அந்தக் கிளப்பில் சம்பளத்துக்கு ஒருவர் இருந்தார். மார்க்கர் என்பார்கள். பத்தொன்பது வயதில் அந்த வேலைக்கு வந்தவர், சேர்ந்த மூன்றாம் மாதமே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பணத்துக்காக ஆடாதவர்களுக்கான தேசிய அமெச்சூர் போட்டியில் நடுவராக நின்றார். அது மூன்றாவது ஆண்டுப் போட்டி. மொத்தமே பதினாறு ஆட்டக்காரர்கள், இரண்டு மேசைகள்.

உறுப்பினர்களில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு நேரே வருவார். தினமும் மார்க்கரோடு ஐந்து ஆட்டம். அதில் குறைந்தது மூன்று மார்க்கருக்குப் போய்விடும். ஆறாவது ஆண்டுப் போட்டியில் டாக்டர் கோப்பையை வென்றார். பாராட்டு விழாவில் மாலையோடு நின்றவர், "நாட்டுலயே நான் ரெண்டாவது ஆள்தான். முதல் ஆள் அதோ தட்டு எடுத்துட்டுப் போறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே, மார்க்கரையும் போட்டியில் ஆட விடச் சொல்லி அவரே மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். போட்டியை நடத்தும் ஸ்னூக்கர் சங்கத்தின் செயலாளர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இந்த விளையாட்டுல சம்பளம் வாங்குறவர் அமெச்சூர் ஆக முடியாது டாக்டர். விதி அப்படி."

"அவர் ஆடியா சம்பளம் வாங்குறார்? துடைச்சு வாங்குறார்."

"மேசையைத் தொட்டு வாங்குறாரே. வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் சும்மா இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

மார்க்கருக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் வேலையை விட்டார். நாற்காலி, பீரோ செய்யும் கம்பெனியின் கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கப் போனார். அதற்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. ஊரில் இருந்த ஸ்னூக்கர் மேசைகள் எல்லாம் கிளப்புகளுக்குள்ளே இருந்தன. கிளப்புக்குள் போக உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலைக்காரராக இருக்க வேண்டும். டாக்டர் விருந்தாளியாக அழைத்துப் போகலாம், அதுவும் மாதத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளில் போய்க் கோலைப் பிடித்தால், பீரோ தூக்கிப் பழகிய கைக்கு அதன் கனம் பிடிபடவில்லை. நேராகப் போக வேண்டிய பந்து குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது.

பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தார். பிள்ளை பிறந்தது. கை ஆட்டத்தை மறந்துகொண்டே வந்தது. ஒருநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பழைய வேலையைக் கேட்கக் கிளம்பினார்.

வாசலில் மனைவி சொன்னாள்: "உள்ள இருந்தா போட்டியில ஆட விடமாட்டாங்க. வெளிய இருந்தா பழக விடமாட்டாங்க. யாரோ நல்லா உக்காந்து யோசிச்சுதான் இந்த விதியைப் போட்டிருக்காங்க."

"யோசிச்சே இருக்கமாட்டாங்க. அதான் கஷ்டமா இருக்கு" என்றார் அவர்.

வேலை கிடைத்தது. பதினான்கு மாதமும் வீணாய்ப் போனது.

போட்டி வளர்ந்தது. பதினாறு பேர் முப்பத்திரண்டானார்கள், பிறகு அறுபத்துநான்கு. கிளப்பை விட்டு உள்ளரங்கத்துக்குப் போனது, டிவி காமிரா வந்தது. பதினோரு இறுதிப் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர். மேசையோரம் நிற்கும்போது எந்தப் பந்தை அடிக்க வேண்டும் என்பது ஆடுபவருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். எதிரே சாம்பியன் தப்பான பந்தைக் குறிபார்ப்பார். நடுவரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழக் கூடாது. ஒருமுறை அவரை மீறி விரல் அசைந்துவிட்டது. அன்றிலிருந்து கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நின்றார். அப்படியே இருபத்தெட்டு வருஷம்.

போட்டியின் முப்பத்தாறாவது ஆண்டில் யாரும் கேட்காமலே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தூரத்துப் பந்து கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். இருந்தும் மனு போட்டார். முதல் சுற்றில் வங்கி அதிகாரி ஒருவரோடு ஆட்டம். ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும்.

எதிராளி ஆடும்போது நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது விதி. அவருக்கு உட்கார வரவில்லை. வங்கி அதிகாரி கறுப்பைக் குழியில் போட்டதும், எழுந்து போய் அதை எடுத்து அதன் புள்ளியில் வைத்துவிட்டார். அரங்கமே சிரித்தது. நடுவர் மெல்ல, "ஐயா, அது என் வேலை" என்றார். அதற்குப் பிறகு மார்க்கர் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே இருந்தார். தன் முறை வந்தபோது விரல்கள் மரத்திருந்தன. இரண்டு ஆட்டங்கள் போயின. மூன்றாவதில் விரல் வழிக்கு வந்தது. ஒரே வீச்சில் எழுபத்துநான்கு புள்ளி. முன்வரிசையில் இருந்த டாக்டர் தடியை ஊன்றி எழுந்து நின்றார். நான்காவது ஆட்டமும் வங்கி அதிகாரிக்குப் போக, எல்லாம் முடிந்தது. மார்க்கர் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் ஆட்டத்துக்கு நடுவராகக் கையுறை மாட்டிக்கொண்டார்.

நாற்பதாவது ஆண்டுக்கு வரலாற்றுப் புத்தகம் போடுவதென்று சங்கம் முடிவெடுத்தது. அலமாரியைத் திறந்தால் குழாய் உடைந்து, பழைய பதிவேடுகள் கூழாகக் கிடந்தன. மார்க்கரைக் கூப்பிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல அலுவலகப் பெண் தட்டச்சு செய்தாள். ஒவ்வோர் ஆண்டின் இறுதிப் போட்டியிலும் யார், யாரோடு, எந்த ஆட்டத்தில் எத்தனை புள்ளி, எல்லாம் வரிசையாக வந்தன. தான் இல்லாத ஆண்டுகளை எப்போதோ டாக்டரிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். முப்பத்தாறாவது ஆண்டு வந்ததும், "முதல் சுற்று, மூணாவது ஆட்டம். மார்க்கர், எழுபத்துநாலு" என்றார்.

புதிய செயலாளர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். "இறுதிப் போட்டி மட்டும் போதும்."

"அப்படின்னா அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"என்ன மார்க்கர், நாலு வருஷத்துக்கு முந்தினதுகூடவா?"

"வயசாச்சு சார்." கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் அப்படியே ஓடியது. அச்சகத்திலிருந்து ஆள் வந்து நின்றான். செயலாளர் இறங்கி வந்தார். "உங்க முதல் சுற்றைப் போட்டா எல்லாரோடதையும் போடணுமே. அதை யார் சொல்லுவா?"

"நான் சொல்றேன் சார். எழுதச் சொல்லுங்க."

மூன்று வாரம் சொன்னார். முதல் சுற்றிலேயே தோற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிய எழுநூற்றுச் சொச்சம் பேரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள்.