மூன்றாம் வகுப்பு கட்டிய தெரு

அந்தத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு ‘மைக் டீச்சர்’ என்று பெயர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்தான். ஆனால் பெற்றோரும் அப்படியே கூப்பிட்டார்கள். தலைமையாசிரியையே ஒரு கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பள்ளிக்கு வருவதற்கு முன் அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது என்று காலையிலிருந்து மாலை வரை சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை. மின்சாரம் போனாலும் அவர் வேலை நிற்காது. அறையை விட்டு வெளியே வந்து வெறுந்தொண்டையிலேயே சொல்லிவிடுவார். கடைசிப் பேருந்தின் கூரையில் மூட்டை கட்டுபவனுக்கும் கேட்கும். பிறகு அந்த வேலையை விட்டு, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, மகள் முதல் வகுப்பில் சேர்ந்த அதே வருடம் தானும் ஆசிரியையாக உள்ளே நுழைந்தார். தொண்டை கூடவே வந்தது.

பாடத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்துப்போய், சாணால் அதை அளக்கச் சொன்னார். வகுப்பே தரையில் தவழ்ந்தது. அளந்து முடித்ததும் சண்டை.

“டீச்சர், இவ ஏமாத்துறா! எனக்கு வந்ததுல பாதிதான் இவளுக்கு வந்திருக்கு.”

“நான் ஒண்ணும் ஏமாத்தல. உன் கை எலிக்குஞ்சுக் கை, அதுக்கு நான் என்ன பண்ண?”

மைக் டீச்சர் நடுவில் புகுந்தார். “ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு அளவு. அதனாலதான் எல்லாருக்கும் பொதுவா அடிக்கோல் வந்துச்சு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்!” என்று வகுப்பு கத்தியது. டீச்சர் சொன்னது நல்ல பதில்தான். பிள்ளைகள் யோசிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

அடுத்து காகிதக் கோப்பைகளில் பயறு போட்டார்கள். ஜன்னல் ஓரம் முழுக்கக் கோப்பைகள். எல்லாருடையதும் முளைத்தும் ஒரு சிறுமியுடையது மட்டும் முளைக்கவில்லை. முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் மைக் டீச்சர்தான் கண்டுபிடித்து, அவரே சொல்லி, அவரே வேறு பயறு போட்டும் கொடுத்தார்.

அரையாண்டு நெருங்கும்போது அவர் குரல் கரகரத்தது. கஷாயம், வெந்நீர் எதற்கும் சரியாகவில்லை. ஒரு காலையில் வருகைப் பதிவை எடுக்க வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருப்பதாகச் சொன்னார்.

“நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். மீறினா கத்தி வைக்க வேண்டியிருக்கும்.”

வீட்டில் சைக்கிள் கடைக்காரரான அவர் கணவர் முதலில் கலங்கினார். சாப்பாட்டுக்குப் பிறகு சுதாரித்துக்கொண்டு, “கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னைக்குத்தான் நான் ஒரு விஷயத்தை முழுசா சொல்லி முடிச்சிருக்கேன்” என்றார். மனைவி கரண்டியை ஓங்கினார். மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

தலைமையாசிரியை விடுப்பு எடுக்கச் சொன்னார். “உங்க வகுப்பைப் பக்கத்து வகுப்போட சேர்த்துடலாம். பேசாம எப்படிங்க பாடம் நடத்துவீங்க?”

மைக் டீச்சர் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘குரல்தானே போச்சு. கை இருக்கு. நடத்துவேன்.’

முதல் நாள் படு மோசம். டீச்சரால் பேச முடியாது என்று தெரிந்ததும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சந்தைக்கடை ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பு சார் வாசலில் வந்து நின்று, “டீச்சர், நான் வேணா பார்த்துக்கட்டுமா?” என்றார். மைக் டீச்சர் வேண்டாமென்று கையசைத்தார். மேசை பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளினார். சாக்கட்டியால் தரையில் நீளமாக ஒரு சாலை வரைந்து, நடுவில் ஒரு செருப்புப் பெட்டியை வைத்து, அதன் மேல் ‘நம்ம பள்ளி’ என்று எழுதினார். சாக்கட்டியைப் பிள்ளைகள் பக்கம் நீட்டினார்.

சத்தம் அடங்கியது. “என் வீடு இங்க வரும்” என்று ஒருத்தி வந்து கோடு போட்டாள். “இல்ல, அதுக்கு முன்னாடி மருந்துக்கடை இருக்கு” என்றான் ஒருவன். “மருந்துக்கடை இந்தப் பக்கம்டா!” என்றான் இன்னொருவன். எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பதில் தொண்டை வரை வந்து முட்டியது. உதட்டை இறுக்கிக்கொண்டு, கதவைக் காட்டினார். எல்லாரும் வரிசையாகத் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பார்த்ததை அவர்களே வரைந்தார்கள்.

அதன் பிறகு வகுப்பு தானாக ஓடியது. வீட்டிலிருந்து அட்டைப் பெட்டிகள் வந்தன. பெட்டிக்கு ஜன்னல் வெட்டினார்கள், கூரை ஒட்டினார்கள், எந்தத் தெரு எவ்வளவு நீளம் என்று அடிக்கோலோடு சண்டை போட்டார்கள். ஒரு பக்கமாக நின்று பார்த்த மைக் டீச்சருக்கு முதலில் மனசு சுருக்கென்றது. நான் வாயே திறக்காமல் எல்லாம் நடக்கிறதே, இத்தனை நாள் எதற்காகக் கத்தினேன் என்று தோன்றியது. அந்த வருத்தம் மாலைவரை இருந்தது. மறுநாள் கூடுதலாக இரண்டு பசை டப்பா வாங்கிக்கொண்டு வந்தார்.

தெரு முடிந்ததும், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஆளுக்கொரு நூலால் ஒட்டினார்கள். அப்போதுதான் பயறு தோண்டிய சிறுமி தரையில் படுத்தபடி கவனித்தாள்.

“டீச்சர், எங்க தெருக்காரங்க நூலெல்லாம் சுத்திக்கிட்டு அந்தப் பெரிய ரோட்டு வளைவுக்கு வருது. வண்டி வர்றதே தெரியாத இடம் அது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடிதானே எங்க தெரு? பின்பக்க கேட் ஏன் பூட்டியிருக்கு?”

மைக் டீச்சருக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை உண்மையாகவே தெரியவில்லை. அவளைத் தலைமையாசிரியையிடம் அனுப்பினார். அவருக்கும் தெரியவில்லை, அவர் வருவதற்கு முன்பே பூட்டியிருந்ததாம். காவலாளியைக் கேட்டால், “சாவி பெரியம்மாகிட்ட இருக்கும்னு நெனச்சேன்” என்றார். பெரியம்மா என்று அவர் சொன்னது தலைமையாசிரியையைத்தான்.

கண்காட்சி நாளில் பெற்றோர் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் நூலைத் தொட்டுக் காட்டி விளக்கியது. வளைவில் நூல்கள் குவிந்து கிடந்த இடத்தில் ஒரு அப்பா வெகு நேரம் குனிந்து நின்றார். “இவ்வளவு பிள்ளைங்களா அங்க குறுக்க வருது? நான் தினமும் அந்த வழியாத்தான் லாரி எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

தலைமையாசிரியை அதற்கு மேல் யோசிக்கவில்லை. காவலாளி சுத்தியலால் பூட்டை உடைத்தார். கேட்டின் மேல் சாய்த்து வைத்திருந்த உடைந்த பெஞ்சுகளை அப்பாமார்களே தூக்கிப் போட்டார்கள். அந்த வாரமே பின் தெருப் பிள்ளைகள் சாலையை மிதிக்காமல் பள்ளிக்கு வந்தார்கள். பக்கத்து வகுப்பு சார் வந்து, “டீச்சர், அந்தப் பெட்டியெல்லாம் உங்க வேலை முடிஞ்சதும் எங்களுக்குத் தருவீங்களா?” என்று கேட்டார். மைக் டீச்சர் தாராளமாகத் தலையாட்டினார்.

முழுஆண்டுத் தேர்வுக்கு முன் மருத்துவர் பேச அனுமதித்தார். குரல் திரும்பியது, பழைய வீச்சில் முக்கால்வாசிதான். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வகுப்பில் கேள்வி வந்தால், “நீ என்ன நெனக்கிற?” என்று கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருந்தார்.

அதே பிள்ளைகளோடு நான்காம் வகுப்புக்குப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். தலைமையாசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. “இரண்டாம் வகுப்புக்கு ஆள் இல்லைங்க. அங்க நீங்கதான் வேணும்.”

“சரிங்க, கொடுங்க” என்றார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை. பழைய செய்தித்தாள் ஒரு கட்டு கொண்டுவந்து, அவர் அதிலிருந்து தொடங்கினார்.