சைக்கிள் மீட்டரும் என் திருட்டுத்தனமும்

"ட்வெல்வ், டாக்டர்."

போன புதன்கிழமை என் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் என் மடியில் இருந்த ஃபைல் நழுவிக் கீழே விழுந்தது. ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்… எல்லாம் டாக்டரம்மாவின் மேசைக்கு அடியில். குனிந்து பொறுக்கினேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கேள்வி ஒன்றும் பிரமாதமான கேள்வி இல்லை. சைக்கிளை என்ன ஸ்பீடில் ஓட்டுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார், அவ்வளவுதான். நியாயமாக என் வீட்டுக்காரர் பதினைந்து என்று சொல்லியிருக்க வேண்டும். ஹாண்டில்பாரில் மாட்டியிருக்கும் மீட்டர் பதினைந்து என்றுதான் காட்டும். நிஜத்தில் அது பன்னிரண்டுதான் என்ற விஷயம் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் நான்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு ஜெயராஜைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: என் வீட்டுக்காரர், வயது அறுபத்தைந்து, சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். செகந்திராபாத்தை ஒட்டிய ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. என்ன வேலை? மற்றவர்கள் பயன்படுத்தும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து முத்திரை போடும் வேலை. ஊரெல்லாம் வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்து நிம்மதியாக வாழ்கிறது. எங்கள் வீட்டில் அது நடக்காது. நான் கூட்டி வைப்பேன். அவர் வாயே திறக்காமல் ஸ்டூல் போட்டு ஏறிச் சரிபண்ணுவார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி. திருமுல்கேரி சிக்னலில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொண்ட அந்த இரண்டு நிமிடத்தில் எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் மறந்துபோயிற்று. 'ஆண்டவரே, ஆண்டவரே' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஸ்தோத்திரம்.

ஆறு வாரம் கழித்து மனுஷன் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி — "சைக்கிள் ஓட்டலாமா?"

டாக்டரம்மா தெலுங்குக்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார். "சைக்கிள் தொக்கண்டி சார், மஞ்சிதே. கானி ஃபிஃப்டீன் தாட்டொத்து." ஓட்டுங்கள், நல்லதுதான், ஆனால் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

வேலைக்கே சைக்கிளில் போய் வந்தவர் இவர். பஸ்ஸை முந்திய கதையைக் கல்யாணமான புதிதில் எனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறார். இப்பேர்ப்பட்டவர் பதினைந்தில் நிற்பாரா? யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது? அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் சைக்கிள் கம்ப்யூட்டர் என்ற பேச்சு வந்தது.

பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பெரிய வாட்ச் அளவுக்கு ஒரு டப்பா. வேகம், தூரம் காட்டும்.

புனேயில் இருக்கும் மகள் ப்ரீத்தி உடனே போனில் ஆரம்பித்துவிட்டாள். "மம்மி, ஜிபிஎஸ் மாடலே வாங்கு. ஹார்ட் ரேட், மேப், எவ்ரிதிங். டாடி எங்கே இருக்கார்னு நீ போன்லயே பார்க்கலாம்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "என் ஹார்ட் ரேட்டை உங்கம்மா வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா, அவ ஹார்ட் ரேட்டை யாரு பாக்குறது?"

செல்போனையே ஹாண்டில்பாரில் மாட்டலாமே என்றேன். எங்கள் கன்டோன்மென்ட் ஸ்பீடு பிரேக்கர்களை நீங்கள் பார்த்ததில்லை. போன் போன இடம் தெரியாது.

கடைசியில் செகந்திராபாத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் நாலு விதத்தை எடுத்து வைத்தார். வயர் இல்லாத ஒன்றை நான் கையில் எடுத்தேன். அழகாக இருந்தது. பாய் தலையை ஆட்டினார். "ஏ நக்கோ மேடம். கைக்கு இத்னா பைசா? தார் வாலா லேலோ. சஸ்தா ஹை, மகர் ஜூட் நை போல்தா." இது வேண்டாம், எதற்கு இவ்வளவு காசு, வயர் வைத்ததையே வாங்குங்கள், மலிவு, ஆனால் பொய் சொல்லாது.

இருப்பதிலேயே விலை உயர்ந்ததை நம் தலையில் கட்டாமல், விலை குறைந்ததை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரை நீங்கள் எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதாகத் தெரிகிறதா, பட்டன் வெயிலில் கை வியர்த்தாலும் அமுங்குகிறதா, மழையில் நனைந்தால் தாங்குமா, பேட்டரி தெருமுனைக் கடையில் கிடைக்குமா… இதைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள் என்றார். வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அது வேலை செய்யும் விதமும் எளிது. சக்கரக் கம்பியில் ஒரு குட்டிக் காந்தம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் டப்பா ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நாம் சொல்லிவிட்டால் மீதிக் கணக்கை அது போட்டுக்கொள்ளும்.

எத்தனை மில்லிமீட்டர் என்பது அதோடு வந்த காகிதத்திலேயே பட்டியலாக இருக்கிறது. ஊரில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் போடுவார்கள். ஜெயராஜ் போடுவாரா? டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, ரோட்டில் ஒரு கோடு. அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துத் தள்ள வேண்டும்.

"ஆள் ஏறாம அளந்தா என்ன?" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"என் வெயிட்டுக்கு டயர் அமுங்கும்ல? உக்காந்துதான் அளக்கணும். நேராத் தள்ளு, ஹெலன்."

மூன்று சுற்று. டேப்பை வைத்து அளந்து மூன்றால் வகுத்தார். பிறகு இன்னொரு முறை. எதிர் வீட்டுப் பெண் பால்கனியிலிருந்து "ஏமைந்தி ஆண்ட்டி?" என்று கேட்டாள். என்ன ஆச்சாம். என்னவென்று சொல்வது? ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். கடைசியில் வந்த எண் 2056. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் சைக்கிள் நிறுத்தியிருக்கும் பால்கனிக்குப் போனேன்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். மூன்று நாள் ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். பதினைந்துக்குள் இருந்தால் டாக்டருக்குப் போதும். எனக்கு அதுவே அதிகம். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தைப் படித்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தேன். எண் மினுக்கியது. 2056-இல் பூஜ்யத்தை மட்டும் ஐந்தாக்கினேன். 2556. அவ்வளவுதான். சக்கரம் பெரிதாகிவிட்டதாக டப்பா நம்பிவிட்டது. இனிமேல் அவர் பன்னிரண்டில் போனாலே அது பதினைந்து என்று காட்டும்.

நாம் எல்லோருமே வீட்டுக்குள் ஏதாவது ஒரு மீட்டரைத் திருகி வைத்திருக்கிறோம், இல்லையா? அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுவிட்டு ஒரு ஸ்பூன் என்கிறோம். பிரஷர் மாத்திரை போட்டாயா என்று மகள் கேட்டால், போடப் போகிற மாத்திரையைப் போட்டுவிட்டேன் என்கிறோம். எதிராளிக்குத் தெரியாது என்றும் நிச்சயமாக நம்புகிறோம்.

எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை வரும்போது வாய் கொஞ்சம் குழறும். பக்கத்தில் அவர் கணீரென்று சொல்லிக்கொண்டிருப்பார். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. காலையில் பேப்பர் போடுகிறவர் அவரை முந்திக்கொண்டு போவார். போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டோடு சைக்கிளில் வருகிற அம்மாவும் முந்துவார். இவர் அமைதியாக மிதித்துக்கொண்டிருப்பார். எனக்குப் பரிதாபமாக இருக்கும். ஆனாலும் எண்ணை மாற்ற மனசு வராது.

இந்த நிலைமையில்தான் புதன்கிழமை… "ட்வெல்வ், டாக்டர்."

டாக்டரம்மாவுக்கு சந்தோஷம். ரிப்போர்ட் எல்லாம் அருமை, இப்படியே போங்கள் என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"எப்படி?"

"சர்ச் வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர். அது ரெண்டரை காட்டுச்சு. ரோடு வளருமா?" ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "வந்து பாத்தா பூதக்கண்ணாடி பால்கனியிலேயே கெடக்கு."

"அப்புறம் ஏன் மாத்தல? பத்து நிமிஷம் கூடுன கடிகாரத்தையே விடமாட்டீங்களே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்க வராது. அந்தப் பொடி எழுத்தைப் படிச்சு, கரெக்டா ஒரே ஒரு நம்பரை மாத்தியிருக்கே. நீ எவ்வளவு பயந்திருந்தா இதைச் செஞ்சிருப்பேன்னு தோணுச்சு. அதான் விட்டுட்டேன்."

நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆம்புலன்ஸில் அழவில்லை, ஐசியூ வாசலில் அழவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு சைக்கிள் மீட்டருக்காக அழுதேன். தப்பான மீட்டர் என்று தெரிந்தே தினமும் காலையில் அதைப் பார்த்து வண்டி ஓட்டுவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், டாக்டருக்குச் சொல்லியிருக்கிறேன். இவருக்குச் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சரியான நம்பரைப் போடுங்க" என்றேன்.

"மாத்தினது நீ. நீயே போடு."

போட்டேன். 2056.

வியாழக்கிழமை காலை அவர் கிளம்பிப் போனதும் எனக்கு வீட்டுக்குள் வேலை ஓடவில்லை. இனிமேல் மீட்டரில் பதினைந்து என்றால் நிஜமான பதினைந்து. டாக்டர் தந்த உரிமை அது, நான் என்ன சொல்ல முடியும்? கேட் பக்கத்திலேயே நின்றேன். வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வந்தார். இறங்கினார். அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து பட்டனை அமுக்கினேன். அன்றைக்குப் போன அதிகபட்ச வேகத்தை அது ஞாபகம் வைத்திருக்கும்.

பன்னிரண்டு.

"ஏங்க, பதினஞ்சு வரைக்கும் போகலாமே?"

டம்ளரைக் கீழே வைத்தார். "பதினஞ்சு டாக்டர் சொன்னது. பன்னெண்டு நீ சொன்னது."

அன்றைய உப்புமாவில் முந்திரி கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது… டாக்டரம்மாவிடம் யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.