வெயில் அண்டா: பாத்திரமா, கட்டடமா?

"வெயில்ல துணி காயும். தண்ணி காயுமாடி?"

வெயிலிலேயே வெந்நீர் போடும் பெட்டி ஒன்றுக்குத் தகரக் கடையில் அளவு கொடுத்துவிட்டு வந்த அன்று அம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதானே... துணியும் காய்கிறது, தண்ணீரும் காய்கிறது என்று மடக்கிப் பார்த்தேன். அம்மா மசியவில்லை. வார்த்தையை வைத்துக் குளிக்க முடியாது என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தப் பத்தியில் பலமுறை சொல்லியாயிற்று. இன்னும் சொல்வேன். சும்மாவா வந்தது அந்த பி.எஸ்ஸி.? இப்போது கே.ஜி.எஃப். என்கிற எங்கள் கோலார் தங்கவயலிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கு அடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை.

அங்கே கீழே பாறையே சுடும். அந்தச் சூட்டில் வெந்துவிட்டு, கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி மேலே வந்து, வீட்டுப் படி ஏறுகிற மனிதர் முதலில் கேட்பது என்ன தெரியுமா? வெந்நீர். மேலே வந்ததும் எங்கள் ஊர்க் குளிர்காற்று முதுகில் அறையும். உடம்பு வலி வேறு. வெந்நீர் இல்லாவிட்டால் அப்பாவுக்கு ஷிப்ட் முடிந்த மாதிரியே இருக்காது.

சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு எங்களுடையது; அதில் கரண்ட் விளக்குக்கு மட்டும்தான். ஆகவே அடுப்பு. அடுப்பு என்றால் விறகு. விறகு என்றால் புகை. புகை என்றால் அம்மாவின் இருமல்... போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — இந்த அம்மா இனிமேல் புகையில் உட்காரக் கூடாது, மூச்சு தாங்காது என்று. அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஊதுகுழலை எடுத்தாள். சோறு பொங்குவதற்குக்கூட அவ்வளவு விறகு ஆகாது. வெந்நீர்தான் விறகைத் தின்னும்.

அதனால்தான் எனக்குச் சூரியன் மேல் கண் விழுந்தது.

இதில் என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பெங்களூரில் படித்தபோது லைப்ரரியில் புரட்டிய பத்திரிகைகளில் பார்த்ததுதான். உலகத்தில் எத்தனை ஊரில் கூரை மேல் தண்ணீரை வைத்துக் காய்ச்சுகிறார்கள் தெரியுமா? அமெரிக்காவில் ஃபுளோரிடா என்று வெயில் அடிக்கிற ஒரு மாகாணம் — அங்கே ஒரு காலத்தில் இதுதான் பெரிய பிசினஸ். பிறகு கரண்ட் மலிவாகக் கிடைத்தது. சூரியனைக் கைகழுவி விட்டார்கள். இஸ்ரேலிலும் கரண்ட் சல்லிசான நாளில் மறந்தார்கள். எண்ணெய் விலை ஏறியதும், ஐயோ சூரியனே என்று மறுபடி அண்ணாந்து பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடக்கிறதாம். லாபரட்டரி மொட்டை மாடியில்.

எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. அங்கே வயலில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம்தான் குளிப்பார்கள். பகலெல்லாம் காய்ந்த தண்ணீர், குளிக்கிற நேரத்துக்குச் சரியாகச் சூடாக இருக்கும். ஆகவே அங்கே வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. விடியற்காலையில் குளிக்கிற நாட்டில் அவ்வளவு சுலபமாக விற்குமா? எந்தச் சரக்கானாலும் சனங்கள் எந்நேரம் குளிக்கிறார்கள், எந்நேரம் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தவன்தான் ஜெயிப்பான்.

எங்கள் வீட்டில்? பகல் ஷிப்ட் என்றால் அப்பா மத்தியானம் தாண்டி வருவார். ஜப்பானே தோற்றது. இரண்டாவது ஷிப்ட் என்றால் ராத்திரி... சாக்குப் போட்டு மூடி வைத்தால் வெதுவெதுப்பாவது மிஞ்சும். மூன்றாவது ஷிப்டில் காலையில்தான் வருவார், அந்த வாரம் அடுப்புதான். சூரியனுக்கு ஒரே ஷிப்ட். அதற்கு நான் என்ன செய்ய?

பெட்டி தயாரானது. தட்டையான தகரத் தொட்டி, கறுப்பு பெயிண்ட், சுற்றிலும் மரப்பெட்டி, இடையில் சூடு போகாமலிருக்க அப்பா டிம்பர் யார்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த மரத்தூள், மேலே கண்ணாடி, அடியில் ஒரு குழாய். எங்கே வைப்பது? புத்தகத்தில் எல்லா நாட்டிலும் கூரை மேல்தான். எங்கள் ஊரில் அது நடக்காது. அடியில் பாறை வெடித்தால் இங்கே வீடே குலுங்கும். அலமாரிப் பாத்திரம் கீழே உருளும். சத்தம் அடங்கியதும் லைன் முழுக்க ஒரே கேள்விதான் — நம்ம ஆள் எந்த ஷிப்ட்? அப்படிப்பட்ட ஊரில் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டியும் கண்ணாடியுமா?

கொல்லையில் வைத்தேன். தெற்குப் பார்த்து, சாய்வாக. கண்ணாடி அதிர்ச்சியில் உடையாமலிருக்க ஓரமெல்லாம் பழைய சைக்கிள் டியூப். எல்லாம் முறையாக இருக்க வேண்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டு, செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, அழகாக ஒரு மேடையும் கட்டினேன்.

அங்கேதான் வந்தது வினை.

முதல் நாள் பகல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, குழாயைத் திறந்து கையை வைத்தார். இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். பச்சைத் தண்ணீர் விளாவிக் குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டே அம்மாவிடம், "அடுப்பாண்ட போவாதே இன்னிக்கி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டாரோடு ஊர்க்கதை பேசினாள். அந்நேரத்தில் அவளை வாசலில் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

விஷயம் லைன் முழுக்கப் பரவியது. பரவினால் ஆபீசுக்கும் போகும் அல்லவா? குடியிருப்பு இன்ஸ்பெக்டர் நஞ்சப்பா வந்து நின்றார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். சட்டம் அதைவிட நன்றாகப் பேசுவார். பெட்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். மேடையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது ஆகல்ல டீச்சரம்மா. சிமெண்ட் இருக்கு. சிமெண்ட் இருந்தா ஸ்ட்ரக்சர். பர்மிஷன் இல்லாத ஸ்ட்ரக்சர் இடிக்கணும்."

நான் விடுவேனா? இஸ்ரேல், ஜப்பான் எல்லாவற்றையும் இறக்கினேன். அம்மாவின் மூச்சைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஜப்பானில் நஞ்சப்பா இல்லையே. கொல்லையில் கட்டடம் எழுப்பக் கூடாது; அடுத்த வாரம் வருவேன்; இருந்தால் ஆள் வைத்து எடுப்பேன் என்றார். பாத்திரம் பண்டம் வைத்துக்கொள்வதைப் பற்றி மட்டும் ரூலில் ஒன்றும் இல்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

ரூலில் ஒன்றும் இல்லை!

அப்பா அன்றே கடப்பாரையை எடுத்தார். நான் பார்த்துப் பார்த்துப் பூசிய சிமெண்டைக் கொத்திக் கொத்தி எடுத்தார். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் சொல்லித்தரவில்லையா என்று கேட்பது போல ஒரு சிரிப்பு வேறு. செங்கல்லைச் சும்மா அடுக்கி, மேலே பெட்டியைத் தூக்கி வைத்தோம்.

அடுத்த வாரம் நஞ்சப்பா வந்தபோது லைனில் பாதிப் பேர் எங்கள் கொல்லையில். காலால் செங்கல்லைத் தட்டினார். ஆடியது.

"பாத்திரம்னா தூக்கணும். தூக்க முடியுதா?"

அம்மா குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட்டாள். அதெப்படி, தண்ணீரோடு தூக்க வேண்டாமா என்றார் இன்ஸ்பெக்டர்.

"கல்யாண வூட்டு அண்டாவத் தண்ணியோடவா சார் தூக்குவாங்க? நீங்க இன்னா சார்..."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அப்பாவும் பக்கத்து வீட்டு ஆட்களுமாகப் பெட்டியைத் தூக்கி, கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி, சாமி இறக்குவது போல இறக்கினார்கள். நஞ்சப்பா தன் பேப்பரில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'வெந்நீர்ப் பாத்திரம். ஆட்சேபணை இல்லை.'

ஜெயித்துவிட்டோம். அன்றைக்கு அம்மா எனக்குச் சுற்றிப் போட்டாள். அடுப்பில்தான் மிளகாய் போட்டாள், நான் திட்டினேன்.

ஆனால்... அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. நான் ஜெயித்தேனா, தோற்றேனா?

பாத்திரம் என்று சொல்லிவிட்டால் என்ன அர்த்தம்? வசதி இருக்கிறவன் வாங்கிக்கொள், இல்லாதவன் ஊது. அரசாங்கத்துக்கு அதில் வேலையே இல்லை. எந்தச் சர்க்காராவது ஊருக்கெல்லாம் அண்டா வாங்கித் தருமா? ஆனால் அதே பெட்டியை வீட்டின் ஒரு பாகம் என்று சொல்லிப் பாருங்கள். குழாய் போல, கக்கூஸ் போல. அப்போது வீட்டைக் கட்டுகிறவன்தான் அதையும் வைத்துத் தர வேண்டும். வட ஆஸ்திரேலியாவில் அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் வீடுகளில் அப்படித்தான் கூரையிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். கட்டும்போதே வந்துவிட்டால், குடியேறுகிறவள் படித்தவளா படிக்காதவளா, மகள் டீச்சரா இல்லையா என்று பெட்டி கேட்காது. உலகத்தில் இந்தச் சரக்குக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் வருவது வெயிலைப் பொறுத்து இல்லை. அது வீடா பாத்திரமா என்று சர்க்கார் எதைச் சொல்கிறது என்பதைப் பொறுத்து.

என் அம்மாவுக்காகப் பாத்திரம் என்று வாதாடினேன். லைனில் இருமுகிற மற்ற அம்மாக்களுக்காக?

அந்தச் சமயத்தில் ஒருநாள் நஞ்சப்பா தனியாக வந்தார். இந்தத் தடவை பேப்பர் இல்லை. குழாய்த் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக, "நம்ம மனைக்கும் ஒண்ணு செய்யணும் டீச்சரம்மா" என்றார். அதற்கென்ன, தகரக் கடையில் சொல்லிவிடலாமே என்றேன். அவருக்கு முகம் தெளியவில்லை. செங்கல் ஆடுகிறதாம். ஆடுகிற செங்கல் மேல் கண்ணாடியை வைக்க அவர் மனைவி சம்மதிக்கவில்லையாம். கெட்டியாகச் சிமெண்ட் மேடை வேண்டுமாம்.

அவரும் கம்பெனிக் குவார்ட்டர்ஸ்தான். அவர் ரூல் அவருக்கும்தான்.

எனக்கு அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. உட்காரச் சொல்லி, அம்மா கையால் காபி கொடுத்து, என் மனதில் இருந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரிலேயே பாலகாட் சுரங்கம் பக்கம் அரசாங்கம் புதுக் குடியிருப்பு கட்டப்போவதாகப் பேச்சு. பிளான் இன்னும் முடியவில்லையாம். இப்போது கேட்டால்தான் உண்டு. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் சிமெண்ட் மேடையோடு வெயில் வெந்நீர்ப் பெட்டி, வீட்டோடு சேர்த்தே. பழைய லைன்களுக்கும் மேடை கட்ட அனுமதி. கேட்டுக்கொண்டே காபியைக் குடித்து முடித்தார். மனு கன்னடத்தில் இருந்தால்தான் எடுபடும் என்றார். என் கன்னடத்தில் நிறையத் திருத்தினார்.

போன சனிக்கிழமை கோலார் பஸ் ஏறி, டி.சி. ஆபீசில், அதாவது கலெக்டர் ஆபீசில், மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். லைன் முழுக்கக் கையெழுத்து. முதல் கையெழுத்து நஞ்சப்பாவுடையது — அதற்குக் கீழே இன்ஸ்பெக்டர் என்று போடவில்லை மனிதர், 'குடியிருப்பவர்' என்று போட்டிருக்கிறார்.