பசியை வரைந்தவரைத் தேடிக் கொட்டகலைக்கு

எழுபத்து நாலாம் ஆண்டு, இலங்கையில் பஞ்சம். கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயிலில் ஏறி, பதினொன்றரைக்குக் கொட்டகலையில் இறங்கினேன். தூறல். கடைத்தெருவில் பாண் ரொட்டி இல்லை. அதற்கு நின்ற வரிசை மட்டும் இருந்தது. வெறுந்தேநீர் குடித்துவிட்டு நடந்தேன். தேயிலைத் தோட்டம் இரண்டு மைல்.

நான் கொழும்பில் சித்திர வாத்தியார். பாரிசில் வாழ்ந்த ஓர் ஓவியரின் வாழ்க்கையை நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். தையற்காரர் மகன், கலைக்கழகத்தில் படித்து, அரசர்களையும் போர்களையும் ஆளுயரத்தில் வரைந்து பதக்கம் வாங்கியவர். கடைசிப் படம், முற்றுகையில் பட்டினி கிடக்கும் ஒரு நகரம். கூலிக்கு ஆள் பிடித்து நிற்கவைத்து ஒன்பது வருடம் வரைந்தார். அதற்குள் ரசனை மாறிவிட்டது; ஒருவரும் சீந்தவில்லை. அவர் செத்தபின் ஒரு வெள்ளைக்காரத் துரை அதை வாங்கி இந்தத் தோட்டத்துப் பங்களாவில் மாட்டினாராம். அதை மட்டும் நான் பார்த்ததில்லை. பார்க்காமல் கடைசி அத்தியாயத்தை முடிக்க மனம் வரவில்லை.

காவல்காரர் சவரிமுத்து கதவைத் திறந்தார். சுவரில் பன்னிரண்டடிச் சட்டம் மட்டும் தொங்கியது.

"தொரை போனதும் கூரை ஒழுகி, படம் கீழ விழுந்து கெடந்துச்சுங்க. எண்ணெச் சாயம் பூசுன துணி, தண்ணி எறங்காது. பொம்பளையாளுக படங்குக்கு வெட்டிக்கிட்டாங்க."

படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். ராசம்மா என்ற பெண்ணின் இடுப்பில் என் ஓவியர் இருந்தார்: வானை நோக்கி நீட்டிய ஒரு மெலிந்த கை. அதைத் தரும்படி கெஞ்சினேன்.

"குடுத்துட்டு நாளைக்கு என்னத்தக் கட்டிக்கிட்டு மலைக்கு ஏறுறது?"

"பசியை எவ்வளவு தத்ரூபமா வரைஞ்சிருக்கார், பாருங்கம்மா!" என்றேன்.

ராசம்மா குனிந்து பார்த்தார்.

"பசியில கெடக்குறவங்க கையத் தூக்க மாட்டாங்க சார். எம்புள்ள கடசி மூணு நாளு அழக்கூட இல்ல."

படத்தின் நடுவே தாய் மடியில் ஒரு குழந்தை உண்டென்று படித்திருந்தேன். அந்தத் துண்டு எங்கே என்று, புத்தி கெட்டுப்போய், அப்போதும் கேட்டேன்.

"அதுலதான் சுத்திப் பொதச்சோம். கூப்பனுக்குக் குடுக்குற ரேசன் துணி வரல."

மாலை ரயில் பிடித்தேன். 'பசியை அறிந்த ஓவியர்' என்று முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்த வரியை, ஹட்டன் வருவதற்குள் அடித்துவிட்டேன். ஓவியர்மீது கோபமில்லை, என்மீதுதான்.

வீட்டில் எனக்குச் சோறு எடுத்துவைத்திருந்தார்கள். தட்டை வாங்கக் கை நீட்ட வெட்கமாக இருந்தது.